கேட்காமல் திறக்கும் பெட்டி

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீரோடு நின்றபோது, சபை அன்ரி ஒருவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டு ஒரு பக்கமாகக் கொண்டுபோனார். கைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். அவருக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அனுப்பியது. "உங்கள் இணைப்பிலிருந்து மற்றவர்களின் கணினிகளைத் தாக்கும் போக்குவரத்து வெளியே போகிறது, சரிசெய்யாவிட்டால் இணைப்பை நிறுத்துவோம்" என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது.

"பிள்ளை, நான் ஒண்டும் செய்யேல்லையே. வட்ஸ்அப்பும் யூரியூப்பும்தானே பாக்கிறன். பொலிஸ் வருமோ?" என்று கேட்டார். இரண்டு இரவு நித்திரை இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். புருசெத் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சப்பாத்து அடுக்கும் தட்டுக்குப் பின்னால், தூசி மூடி, ஒரு கறுப்புப் பெட்டி பச்சை வெளிச்சத்தைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. காலஞ்சென்ற அங்கிள் 2013 அளவில் வாங்கி வைத்த ரவுட்டர். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை, அது ஒழுங்காக வேலை செய்தது.

வைஃபை கடவுச்சொல்லை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தார். அங்கிளின் பெயர், அவர்கள் கலியாணத் திகதி, நடுவில் இரண்டு குறியீடுகள். பதினெட்டு எழுத்துக்கும் மேல். வாலிபர் கூட்டத்தில் நாங்கள் வருடாவருடம் "பலமான கடவுச்சொல் வையுங்கள்" என்று சொல்வதை அன்ரி அச்சொட்டாகச் செய்திருந்தார். பிழை அவருடையது அல்ல. கடவுச்சொல் பலமானதுதான், ஆனால் அந்தப் பெட்டி அதைக் கேட்கவேயில்லை.

இதைத்தான் தம்பி தங்கைகளே, இந்த முறை உங்களோடு பேச விரும்புகிறேன். நான் கணினி படித்தவள் அல்ல, தாதி. ஆனால் இந்தக் குறையை விளங்கிக்கொள்ள என் வேலையே எனக்கு உதவியது.

வார்டில் ஒரு நோயாளியை மூன்று கிழமையாகப் பார்த்துவருகிறேன் என்று வையுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கூட எனக்குத் தெரியும். இருந்தும் மருந்து கொடுக்கும் முன் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்பேன், கைப்பட்டியைப் பார்ப்பேன். சிலர் சலித்துக்கொள்வார்கள், "இன்னும் என்னைத் தெரியாதா?" என்று. தெரியும். ஆனாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாத காரியங்கள் சில இருக்கின்றன. ரவுட்டருக்குள்ளும் அப்படிப்பட்ட காரியங்கள் உண்டு. கடவுச்சொல்லை மாற்றுவது, வீட்டுப் போக்குவரத்தை வேறு வழியால் திருப்புவது, புது மென்பொருளை ஏற்றுவது. இவற்றைச் செய்யச் சொல்லி யார் வந்தாலும் "நீ யார்?" என்று பெட்டி கேட்க வேண்டும். சில பெட்டிகளில் முன்கதவு கேட்கும், ஆனால் ஏதோ ஒரு பக்கவழி கேட்காது. அந்த வழியின் முகவரி தெரிந்தவன் நேரே மருந்து அலுமாரிக்குள் போய்விடுவான். மென்பொருள் குறைகளை வகைபிரிக்கும் உலகப் பொதுப் பட்டியலில் இதற்குத் தனி இலக்கமே உண்டு, 306. முக்கியமான காரியத்தைச் செய்யும் முன் ஆளை உறுதிசெய்யாமை என்பது அதன் பொருள்.

வீட்டில் மூன்று கதவுகள் இருப்பதாக நினையுங்கள். வைஃபை கடவுச்சொல் முதலாவது, யார் உங்கள் வலையில் சேரலாம் என்பதற்கு. இரண்டாவது, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், யார் பெட்டியின் அமைப்பை மாற்றலாம் என்பதற்கு. எங்களில் பலர் இந்த இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறோம். மூன்றாவது, வெளியே இணையத்தைப் பார்த்திருக்கும் பக்கம். அங்கே கதவே இருக்கக் கூடாது, சுவர்தான் இருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஒரு ஓட்டை இருந்து, அந்த ஓட்டையில் ஆளைக் கேட்காத குறையும் சேர்ந்தால், முதல் இரண்டு கதவுகளின் பூட்டு எவ்வளவு பெரிதாய் இருந்தும் பயனில்லை.

கதையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2013 ஒக்டோபரில் கிரேக் ஹெஃப்னர் என்ற ஆய்வாளர் டி-லிங்க் நிறுவனத்தின் சில ரவுட்டர்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தார். இணைய உலாவி எதுவானாலும், ஒரு பக்கத்தைத் திறக்கும்போது தன் பெயரைச் சொல்லித்தான் திறக்கும். வருகிற உலாவி ஒரு குறிப்பிட்ட நீண்ட எழுத்துக்கோவையைத் தன் பெயராகச் சொன்னால், அந்தப் பெட்டி கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. அந்தக் கோவையைக் கடைசியிலிருந்து வாசித்தால் "எடிட் பை 04882 ஜோயல் பேக்டோர்" என்று வரும். அதாவது ஜோயல் வைத்த பின்கதவு. (எங்கள் சபையிலும் ஜோயல்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபிக்க வேண்டாம்.)

அதைவிட என்னை உறுத்தியது ஏசுஸ் நிறுவனத்தின் கதை. அவர்களுடைய ரவுட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, படங்களையும் கோப்புகளையும் வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு வசதி. அதில் ஒரு சேவையின் உள்நுழைவுப் பக்கத்தை, ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டச்சு செய்தாலே தாண்டிப் போகக்கூடியதாக இருந்தது. இன்னொரு சேவையை ஆரம்ப அமைப்போடு அப்படியே விட்டால் உலகத்தில் எவரும் டிஸ்க்கைத் திறக்கலாம். கணக்கு ஒன்று வைக்க விரும்பியவர்களுக்குப் பெட்டியே நிரப்பிக் காட்டிய பயனர்பெயர் "ஃபமிலி", கடவுச்சொல்லும் "ஃபமிலி". 2014 பெப்ரவரியில் 12,900க்கும் அதிகமானவர்களின் டிஸ்க்குகளுக்குள் அந்நியர்கள் போனார்கள். சிலருடைய டிஸ்க்கில் "உங்கள் பெட்டி திறந்து கிடக்கிறது" என்று எச்சரிக்கைக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். அது ஓரளவு நல்ல மனம். வரிப் படிவங்களை அதில் சேமித்து வைத்திருந்து, பிறகு தன் பெயரில் மோசடி நடந்ததாக முறையிட்டவரும் உண்டு. அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்கு எடுத்தது. 2016இல் வந்த உடன்பாட்டின்படி, அந்த நிறுவனம் 20 வருடங்களுக்கு வெளியாரின் பாதுகாப்புப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அந்த வழக்கில் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பொத்தானை அழுத்தினால், இருக்கும்போதே பல தடவை "இல்லை, நீங்கள் வைத்திருப்பதுதான் புதியது" என்று பெட்டி பதில் சொல்லியது. அதைப் படித்த நாள் தொடக்கம் நான் அந்தப் பொத்தானை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் அடியில் உள்ள மாதிரி இலக்கத்தை எடுத்து, தயாரித்தவர்களின் தளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இனி எங்கள் ஒஸ்லோவுக்கு வருவோம். அதே 2013இல் டாக்பிளாடே பத்திரிகை "நுல் கொன்ட்ரோல்" என்ற தொடரை வெளியிட்டது. அதன் இரண்டு நிருபர்கள் செய்தது எந்த மாயமும் இல்லை. இணையத்தோடு பொருத்தப்பட்ட கருவிகளைத் தேடித்தரும் ஷோடான் என்ற தேடுபொறியில் நோர்வேயைத் தேடினார்கள். எந்தப் பூட்டையும் அவர்கள் உடைக்கவில்லை. பாதுகாப்பே இல்லாமலோ மிகக் குறைந்த பாதுகாப்போடோ கிடந்த கட்டுப்பாட்டுக் கருவிகள் சுமார் 2,500. வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் திறந்து கிடந்த கண்காணிப்புக் கமராக்கள் 2,048. புலனாய்வுப் பத்திரிகைக்கான ஸ்கூப் பரிசு அந்தத் தொடருக்குக் கிடைத்தது.

அந்த 2,048 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு முகம் சிவந்தது. ஏனென்றால் நானும் அதே வேலையைச் செய்தவள். மூத்தவள் கைக்குழந்தையாய் இருந்தபோது எனக்கு இரவு வேலை. கணவர் வீட்டில்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. தொட்டில் மேலிருந்த கமராவை வைத்தியசாலையிலிருந்து பார்ப்பதற்காக, யாரோ சொல்லித் தந்தபடி, ரவுட்டரில் வெளிப்பக்கமாக ஒரு வழியைத் திறந்துவிட்டேன். பிள்ளை நடக்கத் தொடங்கி, கமராவும் பெட்டிக்குள் போய்விட்டது. ரவுட்டரில் திறந்த வழி இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. நிர்வாகப் பக்கத்தையும் வெளியிலிருந்து திறக்கும்படி விட்டிருந்தேன் என்பது அதை மூடப் போனபோதுதான் தெரிந்தது.

"எங்களிட்ட என்ன இருக்கு களவெடுக்க?" என்று கேட்பார்கள். சபையில் இதைப் பற்றி நான் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 2016 நவம்பர் 27இல் இருக்கிறது. அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு அது. ஜெர்மனியில் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 இலட்சம் பேருக்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் விழுந்தன. அங்கே சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிறுவனங்கள் தூரத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டியைப் பராமரிப்பதற்கு 7547 என்ற இலக்கமுள்ள ஒரு வாசல் உண்டு. வேறு சில தயாரிப்புகளில், வீட்டுக்குள்ளிருந்து மட்டும் ஏற்க வேண்டிய கட்டளையை அந்த வெளிவாசலிலும் யார் எவர் என்று கேட்காமல் பெட்டி ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடி ஒரு கெட்ட மென்பொருள் உலகமெங்கும் கதவு தட்டிக்கொண்டு வந்தது. டெலிகொம்மின் பெட்டிகள் அதற்கு அடிமையாகவில்லை, ஆனால் தட்டின தட்டிலேயே படுத்துவிட்டன. சில நாட்களில் பிரித்தானியாவிலும் சுமார் 1 இலட்சம் வீடுகளுக்கு அதே கதி.

இதைச் செய்தவன் ஒரு பிரித்தானியன். பிடிபட்டு, 2017இல் கொலோன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவனுக்கு அந்த ஜெர்மன் வீடுகளில் ஒரு கோபமும் இல்லை, அவர்களுடைய ஒரு சதமும் வேண்டியதில்லை. ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டின் ஒரு தொலைபேசி நிறுவனத்தைத் தாக்குவதற்கு, போட்டி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து கூலி வாங்கியிருந்தான். அதற்கு அவனுக்கு நிறையப் பெட்டிகள் தேவைப்பட்டன. அவ்வளவுதான்.

அன்ரியிடமும் எடுக்க ஒன்றும் இல்லை. அவருடைய பெட்டிதான் தேவை. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இரண்டு தளங்களை முடக்கியது. தயாரித்தவர்கள் கைவிட்ட பழைய ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றின் வழியாகத் தங்களை மறைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வாடகைக்கு விட்ட தளங்கள் அவை. மாத வாடகை 9.95 டொலரிலிருந்து 110 டொலர் வரை. வாடகைக்கு எடுத்தவன் செய்யும் அநியாயம் எல்லாம் வீட்டுக்காரரின் முகவரியில் பதிவாகும். புருசெத்தில் தனியே இருக்கும் ஒரு விதவைத் தாயின் முகவரியில் பதிவானால், அந்தக் கடிதம் அவருடைய தபால்பெட்டிக்குத்தான் வரும். நான் கண்டது அதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பெட்டி யாருடையது என்று பாருங்கள். இணைய நிறுவனம் தந்த பெட்டி என்றால் அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது பெரும்பாலும் அவர்கள் வேலை. பல வருடமாக அதே பெட்டி என்றால் தொலைபேசி எடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். கடையில் வாங்கியது என்றால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. சில வீடுகளில் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்தப் பெட்டியும் தொங்கும். அப்போது இரண்டையும் பாருங்கள்.

நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும். புதியவற்றுக்குக் கைத்தொலைபேசிச் செயலி உண்டு. அங்கே ரிமோட் மனேஜ்மென்ட் என்று இருப்பதை நிறுத்துங்கள். வெளியிலிருந்து டிஸ்க்கையோ கமராவையோ பார்க்கும் வசதிகளையும் நிறுத்துங்கள். விளையாட்டுக்காகத் திறந்துவிட்ட வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதற்கென்று ஞாபகம் இல்லாததை மூடுங்கள். தம்பிமாரே, இதைப் பெற்றோர் திறக்கவில்லை, நீங்கள்தான் திறந்தீர்கள். பிறகு புதுப்பித்தல். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுப்பதும் நல்லது. ஆளைக் கேட்காத குறையை உள்ளேயிருந்தும் பாவிக்கலாம், வருகிறவரின் தொலைபேசியில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

சந்தேகம் வந்த பெட்டிக்குப் புதுப்பித்தல் மட்டும் போதாது. 2025 மே மாதம் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏசுஸ் ரவுட்டர்களில் உள்நுழைவைத் தாண்டி வந்தவர்கள் தங்களுக்கு ஒரு நிரந்தர வழியை அமைத்திருந்தது வெளியே தெரியவந்தது. பெட்டியின் சொந்த அமைப்பிலேயே அதை எழுதியிருந்ததால் புது மென்பொருளை ஏற்றின பிறகும் அந்த வழி அழியவில்லை. ஊசித் துவாரத்தில் குத்தி, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் புதிதாகக் கையால் அமைக்க வேண்டும். சீழ் இருக்கும் காயத்தின் மேல் புதுக் கட்டுப் போடக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் வருடப் பாடம்.

தயாரித்தவர்கள் கைவிட்ட பெட்டியை என்ன செய்தாலும் தேறாது. கேட்காத வாசலுக்கு இனிப் பூட்டு வராது. அதைக் கழற்ற வேண்டும். இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு பழக்கம், வேலை செய்கிற சாமானை எறிய மனம் வராது. நல்ல பழக்கம்தான், அகதியாய் வந்த பெற்றோரிடம் கற்றது. ஆனால் பழைய ரவுட்டரைப் புதிதாக வந்த மாணவனுக்குக் கொடுக்கிறோம், விற்பனைச் சந்தையில் வைக்கிறோம், யாழ்ப்பாணத்துக்குப் போகிற பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறோம். எங்கள் வீட்டுக்கு ஆபத்து என்று கழற்றியதை மாமி வீட்டுக்கு அனுப்புவது உதவியா? இலத்திரனியல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் பழையதை இலவசமாகக் கொடுத்துவிடலாம், இந்த நாட்டுச் சட்டம் அது.

சட்டம் என்றவுடன் ஒன்று. 2025 ஓகஸ்ட் 1 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும், இணையத்தோடு சேரும் வானலைக் கருவிகள் இணையப் பாதுகாப்பு நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஆரம்பக் கடவுச்சொல் வைத்து விற்க முடியாது. வரவேற்கிறேன். முதற்பிழை விற்றவர்களுடையதுதான், சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் பெட்டியை வைத்தவர்களுடையது அல்ல. ஆனால் இந்தச் சட்டங்கள் கடையில் இருக்கும் பெட்டிக்கு. ஏற்கனவே எங்கள் வீடுகளில் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முன் கரோல் பாட வீடு வீடாகப் போகிறோம். அதே பட்டியலை எடுத்துக்கொண்டு ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இருவர் இருவராகப் போவோம். இந்த நாட்டில் ஒக்டோபர் இணையப் பாதுகாப்பு மாதமும்தான். தனியே இருக்கும் மூத்தவர்களின் வீடுகள் முதலில். பெட்டியின் மாதிரி இலக்கத்தைக் குறித்து, அதற்கு இன்னும் புதுப்பித்தல் வருகிறதா என்று பார்த்து, வெளிவாசல்களை மூடிவிட்டு வருவோம். ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம், ரோல்ஸும் தேநீரும் சேர்த்தால் ஒன்றரை. கடவுச்சொற்களை எங்கள் தொலைபேசியில் எழுதக் கூடாது, வீட்டுக்காரரே தட்டட்டும், அவர் எழுதும் கடதாசி அவரிடமே இருக்கட்டும். வேலைத்தலத்தில் நான் கடைப்பிடிக்கும் இரகசியக் காப்பு வாலிபர் சங்கத்துக்கும் பொருந்தும். இந்த இதழை வாசிக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதற்காகச் சபையில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல், "ரவுட்டர் பார்க்க வந்தோம்" என்று கதவு தட்டும் எவரையும் உள்ளே விடாதீர்கள். நாங்கள் வந்தாலும் பெயர் கேளுங்கள்.

அன்ரியின் பெட்டியை அடுத்த கிழமை மாற்றினோம். என் தம்பியும் வந்தான். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னதில் இணைப்பை நிறுத்தாமல் விட்டார்கள், பொலிஸும் வரவில்லை. புதுப் பெட்டியை அமைக்கும்போது அன்ரி கேட்டார், "பழைய சொல்லையே போடலாமோ, பிள்ளை?" முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய பெட்டிக்குள் போனவர்கள் அதையும் வாசித்திருக்கலாம். அலுமாரிக் கதவிலிருந்த கடதாசியை அவர் மெதுவாகப் பிரித்தெடுத்து, எறியாமல், மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதியதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். தம்பியும் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.